ஜீப்பைக் கம்பெனி உயரத்துக்கு இறக்கிய நாள்

நன்றாகப் படித்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து உட்கார்ந்துவிட்டதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சூளைக்குப் பக்கத்தில் தொங்கும் பலகையில் சாக்பீஸால் குறிக்கிற நேரமும் சூடும்தான். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. பேச வேண்டிய அன்றைக்குப் பேசாமல் இருந்துவிட்டு இப்போது எழுத வந்துவிட்டானே என்று யாராவது கேட்டால் அவர்கள் கேட்பது சரிதான்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் நான் சூளை பார்க்கிறேன். ஃப்யூஸ் கட்டையும் கரண்டுக் கம்பத்துக்கு மாட்டும் இன்சுலேட்டரும் செய்கிறோம். பெரிய முதலாளிக்கு உடம்பு முடியாமல் போன பிறகு அவருடைய மகன் பார்த்துக்கொள்கிறார். சின்ன முதலாளி என்போம். என்னை அண்ணே என்று கூப்பிடுவார், கோபம் வந்தால் யோவ் என்பார்.

அவர் ஒரு ஜீப்பு வாங்கினார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளிகளோடு பெண்ணாடம் பக்கம் வெள்ளாற்று மணலில் இறக்கி ஓட்டுவார். கூட்டாளிகளின் வண்டியெல்லாம் உயரம் ஏற்றியவை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே இருக்கும் சுருள் ஸ்பிரிங்கின் தலையில் கனமான இரும்பு வில்லை ஒன்றை வைத்தால் வண்டி அந்த அளவுக்கு மேலே தூக்கிக்கொள்ளும். வில்லையை வெளியூரிலிருந்து வரவழைப்பார்கள். இவர் ஒரு நாள் சூளைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, நம்ம இன்சுலேட்டரு எவ்ளோ வெயிட்டு தாங்கும்?"

"அமுக்குனா டன் கணக்குல தாங்குங்க."

"அப்பறம் இரும்பு எதுக்கு? நாமளே சுட்டுக்கலாமே."

வேறு ஊரில் யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. லேத்துப் பட்டறை பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது, அங்கே சொன்னால் அரை நாளில் இரும்பில் கடைந்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதற்கும் பீங்கான்தான். கட்டில் ஆடாமல் காலுக்கு அண்டை கொடுப்பதும் அதுதான், கதவு அடிக்காமல் முட்டுக் கொடுப்பதும் அதுதான். அமுக்கினால் தாங்கும் என்று நான் சொன்னது சரி. குலுக்கினால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. அதோடு, முதலாளி ஒருவர் என்னிடம் வந்து யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

இன்சுலேட்டர் மண்ணிலேயே நாலு வில்லை செய்தேன். நடுவில் ஓட்டை, இரண்டு அங்குலக் கனம். அவ்வளவு கனமான சாமானை நிழலில் வைத்து மூன்று வாரமாவது காயவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விரிசல் ஓடும். அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமையே வேண்டும் என்றார். சூளை மேலே சூட்டில் வைத்துக் காயவைத்து, பழுப்பு மெருகு கொடுத்துச் சுட்டேன்.

எங்கள் கம்பெனியில் சூளையிலிருந்து இறங்கும் எந்தச் சாமானும் ஒரு அம்மாவின் கைக்குப் போகாமல் வெளியே போகாது. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். செக்கிங் மேசைக்குப் பின்னால் நாள் முழுக்க நின்றபடி ஒவ்வொன்றையும் சின்ன இரும்புக் கம்பியால் ஒரு தட்டு தட்டுவார். நல்ல சாமான் கணீரென்று சொல்லும். உள்ளே விரிசல் ஓடியிருந்தால் டொக்கென்று கேட்கும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். செக்கிங் ஆளுக்குக் காதுதான் சோறு. கெட்டதை நல்லது என்று விட்டவள் என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் பேட்டையில் வேறு எந்தக் கம்பெனியும் சேர்க்காது.

என் வில்லை நாலையும் அந்த அம்மாதான் தட்டினார். மூன்றைத் தள்ளிவைத்தார். நாலாவதில் கரியால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"இது சத்தம் செத்துப் போயிருக்குதுண்ணே. வேணாம். வேற ஒண்ணு சுட்டுக்குங்க."

வெளியே சின்ன முதலாளி ஹாரனை அடித்தார். இரண்டாவது தடவையும் அடித்தார். நான் தோளில் கிடந்த துண்டால் கரியைத் துடைத்துவிட்டு நாலையும் எடுத்துக்கொண்டேன்.

"அண்ணே, அது வேணாம்னு சொன்னேன்ல."

"சும்மா குந்தியிருக்கப் போற வில்லைதானம்மா. தாங்கும்."

அவருக்கு மேசையில் சரக்கு குவிந்து கிடந்தது. அடுத்ததை எடுத்துத் தட்டத் தொடங்கினார்.

ஜீப்பு உயர்ந்தது. பெரிய டயரும் போட்ட பிறகு கரும்பு டிராக்டருக்குப் பக்கத்தில் நின்றால்கூட சின்னதாகத் தெரியவில்லை. கூட்டாளிகள் கம்பெனிக்கே வந்து குனிந்து பார்த்தார்கள். "இவருதான் செஞ்சாரு" என்று சின்ன முதலாளி என் தோளில் கை வைத்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் நான் அரைமணி நேரம் பேசினேன். உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று அவள் கேட்டாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் அந்த வண்டி அப்படியே ஓடியது. தினமும் காலையில் சின்ன முதலாளி தன் மகளை அதில்தான் ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுவார். ஒன்றாம் வகுப்புப் பெண். தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். டிரைவருக்கு இடதுபக்க சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போகும்.

போன வருஷம் கடலூர் ரோட்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை நிறுத்தி டேப் வைத்து அளந்துவிட்டார். ஒரு வாரத்துக்குள் கம்பெனியிலிருந்து வந்த உயரத்துக்கே இறக்கிக்கொண்டுவந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆர்.சி. புக்கை முடக்கிவிடுவோம் என்று எழுதிக் கொடுத்தார். சின்ன முதலாளி என்னையும் ஒர்க் ஷாப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். "ஒடையாம கழட்டணும்ணே. காட்டிட்டு வந்து திரும்ப மாட்டிக்கலாம்." பழைய டயர்களையும், வண்டி உயர்ந்தபோது கழற்றிப் போட்ட குட்டை ஷாக் அப்சார்பர்களையும் குடோனில் தேடி எடுத்து ஏற்றிக்கொண்டேன்.

அந்த மெக்கானிக்குக்கு வேலை எவ்வளவு தெரியுமோ அவ்வளவு வாயும் உண்டு. வண்டி விட வந்த மூன்று நான்கு பேர் அவர் பேச்சைக் கேட்கவே சுற்றி நின்றிருந்தார்கள். பின்சக்கரத்தைத் தூக்கி ஸ்பிரிங்கை உருவினார். முதல் வில்லை வெளியே வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, பீங்கானு? யாரு செஞ்சது?"

சின்ன முதலாளி என்னைக் காட்டினார்.

"யோவ் பெரிசு, அப்புடியே ஒரு இஞ்சினையும் சுட்டுக் குடுத்துடேன். டீசலுக்குப் பதிலா டீ ஊத்தி ஓட்டிக்கிறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த பின்சக்கரத்திலிருந்து வந்ததும் முழுசாக இருந்தது. முன்னால் வலதுபக்கத்து வில்லையும் முழுசு. எண்ணெயைத் துடைத்தபோது மெருகு அப்படியே மின்னியது. அந்த நேரத்திலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முன்னால் இடது சக்கரம். மெக்கானிக் ஸ்பிரிங்கை உருவிவிட்டு மேலே கையை விட்டார். ஒரு துண்டு வந்தது. இன்னொரு துண்டு. மூன்றாவதை எடுத்தபோது வெள்ளை மாவு அவர் முகத்தில் கொட்டியது. துப்பிக்கொண்டே எழுந்து வந்தார். துண்டுகளைச் சாக்கில் வைத்து வட்டமாகச் சேர்த்தார்.

"இது இன்னிக்கி ஒடஞ்சதில்ல. பாரு, ஒடஞ்ச எடமெல்லாம் கருத்துக் கெடக்குது. பல மாசம் இருக்கும். ஸ்பிரிங்கு அமுக்கிப் புடிச்சிருக்கவே நின்னுச்சி. ஒரு துண்டு வெளிய வந்திருந்தா வண்டி அந்தப் பக்கம் குத்தி உருண்டிருக்கும்." கையைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பக்கம் யாருங்க குந்துவாங்க?"

சின்ன முதலாளி இடதுபக்க சீட்டைத் திரும்பிப் பார்த்தார். உதடு வெளுத்துப்போயிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"யோவ். தட்டிப் பாத்துதான மாட்டுன?"

என் வேலை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஐம்பத்தொரு வயதில் சூளைக்கு யார் புதிதாக ஆள் எடுப்பார்கள்? எங்கள் தெருவிலேயே இரண்டு கம்பெனி பூட்டிக் கிடக்கிறது.

"செக்கிங்குல தட்டுனாங்க" என்றேன்.

அது பொய்யில்லை. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மெக்கானிக் மீதி வேலையை முடித்தார். குட்டை ஷாக்கை மாட்டினார், டயரை மாற்றினார், சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் டேப் பிடித்தார். "கம்பெனி ஹைட்டு வந்திடுச்சி. மொதலாளியும் நம்ம ஹைட்டுக்கு வந்துட்டாரு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது மூன்று வில்லையும் மூன்று துண்டும் என் மடியில் இருந்தன. பஸ் டயர்கள் என் முகத்துக்கு நேராகப் போயின.

கம்பெனியில் நேராகச் செக்கிங் மேசைக்குப் போய் எல்லாவற்றையும் பரப்பினார். வேலை நின்றது. எல்லோரும் வந்து கூடினார்கள்.

"இத நீ தட்டுனியா?"

அந்த அம்மா துண்டுகளைப் பார்த்தார். உடனே தெரிந்துவிட்டது அவருக்கு.

"தட்டுனேங்க. இது வேணாம்னு கரிக்குறி போட்டுச் சொன்னேன். அண்ணனையே கேளுங்க."

சின்ன முதலாளி என் பக்கம் திரும்பினார். மொத்தம் பத்துப் பன்னிரண்டு பேர் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

"ஒரு வார்த்த சொல்லுண்ணே" என்றார் அந்த அம்மா. "நீதான தொடச்சி எடுத்துக்கிட்டுப் போன."

நான் மேசையில் கிடந்த மாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவரு வாயில்லாப் பூச்சி. அவரு மேலயே பழி போடுறியா? அவரு பொய் சொல்லி நீ பாத்திருக்கியா? நான் பாத்ததில்ல." சின்ன முதலாளி முழுசாக இருந்த மூன்று வில்லையையும் அந்த அம்மாவின் முன்னால் தள்ளினார். "பெரிய காதாச்சே. தட்டு. எது நல்லதுன்னு இப்ப சொல்லு."

அந்த அம்மா கம்பியை எடுத்துத் தட்டினார். மூன்றும் கணீரென்றன.

"மூணும் நல்லா இருக்குதுங்க."

சின்ன முதலாளி சூளைப் பக்கமிருந்து சுத்தியலைக் கொண்டுவரச் சொல்லி வாங்கினார். முதல் வில்லையில் ஓங்கி அடித்தார். துண்டு பறந்து சுவரில் பட்டது.

"இது நல்லதா?"

இரண்டாவதில் அடித்தார். "இது?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"சுத்தியல்ல அடிச்சா எதுதாங்க ஒடையாது?" என்றார் அந்த அம்மா.

மூன்றாவதையும் உடைத்தார். "மூணையும் நல்லதுன்ன. மூணும் ஒடஞ்சிது. உன் காது லட்சணம் இதான். எம் பொண்ணு குந்துற எடத்துல கொண்டாந்து வச்சிருக்குற. நாளைலேர்ந்து வராத. பேட்டையில வேற எவனாவது உன்னச் சேத்துக்கிட்டான்னா நானே போயிச் சொல்றேன்."

அந்த அம்மா அழவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்தார், செருப்பை மாட்டினார். என்னைத் தாண்டும்போது நின்றார்.

"ஊமையா இருந்தாக்கூட தலையாவது ஆட்டியிருப்பான்" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது. சின்ன முதலாளிக்கும் கேட்டது. அவர் அதை அந்த அம்மாவின் திமிர் என்று எடுத்துக்கொண்டார். "போகும்போதும் வாயப் பாரு" என்று என்னிடம் சொன்னார். "நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காதண்ணே."

நான் தலையாட்டினேன். விளக்குமாறு எடுத்து வந்து துண்டுகளைக் கூட்டினேன்.

மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் ஜீப்பை அளந்து பார்த்துச் சரியென்று எழுதிக் கொடுத்தார். செக்கிங்குக்கு ஆள் கிடைக்கும் வரைக்கும் அதையும் என்னையே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மத்தியானம் வரைக்கும் சூளை பார்த்தேன், அதற்குப் பிறகு ஃப்யூஸ் கட்டை தட்டினேன்.