ஐஸ் மூட்டையும் எட்டுப் படங்களும்

என் முதல் கேமராவைச் சென்னையில் பழைய சாமான் விற்பவர் ஒருவரிடம் வாங்கினேன். எத்தனை பேரிடம் கைமாறியதோ, தோல் உறையில் யாருடைய வெற்றிலைக் கறையோ அப்படியே இருந்தது. முன்பக்கத்தை இழுத்தால் துருத்தி போல நீளும். அந்தத் துருத்தியில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை. முதல் சுருளில் எடுத்த எட்டுப் படங்களிலும் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்தது. கோயில் குளத்தை எடுத்தாலும் சோழவரம் ஏரியை எடுத்தாலும் கூடவே வந்தது சனியன். கடைசியில் என் அக்காதான் தன் சாந்துக் குப்பியைக் கொண்டுவந்து ஓட்டையை அடைத்தாள்.

நான் கவரைப்பேட்டையில் ஓர் அரிசி மில்லில் குமாஸ்தா. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, திருவள்ளூர் வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்பாவுக்குப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் கைங்கர்யம். வீட்டில் என் பைத்தியத்துக்குத் துணை அக்கா ஒருத்திதான். சாமான் அறையின் ஜன்னலைக் கம்பளியால் மூடி, சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றிய லாந்தர் வெளிச்சத்தில் நான் சுருளைக் கழுவுவேன். அவள் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து, வெளியிலிருந்து நிமிஷத்தைச் சொல்வாள். கதவைத் திறந்தால் எல்லாம் பாழ் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அக்காவுக்கு அதற்குள் இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. இரண்டு இடத்துக்கும் அனுப்பியது ஒரே ஸ்டூடியோ படம். அக்கா சிரித்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சிரிப்பு வரும். அந்த ஸ்டூடியோக்காரர் அவளுக்குப் பவுடரை அப்பி, மோவாயைத் தூக்கி வைத்து, பல்வலிக்காரி மாதிரி ஆக்கியிருந்தார். "எல்லாம் ஸ்டூடியோக்காரன் கைங்கர்யம்" என்று அவளே கிண்டல் செய்வாள். மூன்றாவதாக டில்லியில் உத்தியோகம் பார்க்கும் பையனின் வீட்டார் படம் கேட்டார்கள். எங்கள் மாமா திங்கட்கிழமை டில்லி புறப்படுகிறார், அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். "இந்தத் தடவை நான் எடுக்கிறேன்" என்று மார்தட்டினேன்.

மாமா புறப்பட எட்டு நாள் இருக்கும்போது, ஞாயிறு காலை, கிணற்றடியில் எட்டுப் படம் எடுத்தேன். முதல் இரண்டில் விறைப்பாக நின்றாள். மூன்றாவதற்குக் குனிந்து பார்த்தபடியே பின்னால் நகர்ந்தேன், சாணிக்கூடையில் காலை விட்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த நொடியில் விரல் தானாக அழுத்திவிட்டது. அன்றைக்கு இருந்த சந்தோஷம் எனக்கு அப்புறம் எந்தக் கேமராவிலும் கிடைக்கவில்லை.

இனிக் கழுவ வேண்டும். அங்கேதான் சித்திரை வெயில் குறுக்கே நின்றது. மருந்துத் தண்ணீர் சூடேறினால் சுருள் மேலுள்ள படலம் பாலாடை மாதிரி சுருங்கிக் கழன்று வந்துவிடும். முந்தின மாதமே ஒரு சுருளை அப்படிப் பறிகொடுத்திருந்தேன். ஐஸ் வேண்டும். ஐஸுக்குப் பழவேற்காட்டுச் சிநேகிதர் ஒருவர் இருந்தார். மீன், இறால் வியாபாரம் செய்யும் குடும்பம். சொல்லி வைத்திருந்தபடி, அடுத்த சனிக்கிழமை பொன்னேரியில் வண்டி நின்றபோது சாக்கு மூட்டையோடு ஓடி வந்தார்.

"இன்னா சாமி, ஐஸு இன்னாத்துக்கு? சர்பத்தா?"

"போட்டோ கழுவ."

"இறா கூடை மேல இருந்து எடுத்த ஐஸு. ஊட்டுல பேஜாராயிடப் போவுது, பாத்துக்கோ!" என்று சிரித்துக்கொண்டே ஜன்னல் வழியாகத் திணித்தார். பெட்டியில் இருந்தவர்கள் என் நெற்றி நாமத்தையும் ஒழுகுகிற மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் திருவள்ளூர் வரும்வரை வெளியே வேடிக்கை பார்ப்பவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு வீடு. அம்மா சமையலறையில் கண்ணயர்ந்திருந்தாள். மூட்டையைக் கொல்லைப்புறமாகக் கொண்டுபோய்ச் சாமான் அறையில் வைத்தேன். பெரிய தட்டில் ஐஸைக் கொட்டி, அதன் நடுவே மருந்துத் தட்டை இறக்கினேன். சுருளின் இரண்டு நுனிகளையும் பிடித்து மருந்தில் மேலும் கீழுமாக ஓட்டினேன்.

"ஒண்ணு," என்றாள் அக்கா வெளியிலிருந்து.

"ரெண்டு."

மூன்றில் உருவம் எழும்பியது. கறுத்த முகம், வெளுத்த கூந்தல். தலைகீழான அந்த நிறத்திலும் அவள் சிரிப்பு தெரிந்தது. "அக்கா, பிரமாதமா வந்துண்டிருக்கு!" என்று கத்தினேன். "மூணாவதுல நீ அப்படியே இருக்கே!"

வெளியே சத்தமில்லை. நான்கு என்று சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. கதவு திறந்தது. மூன்று மணி வெயில் அப்படியே உள்ளே வந்தது. சுருள் என் கண்முன்னால் முழுக்கக் கறுத்துப்போனது.

"ஒரே நெடி. நீ உள்ளே மயங்கி விழுந்துட்டியோன்னு பயந்துட்டேன்" என்றாள்.

அம்மா எழுந்து வந்தாள். "ஐயோ, என்னடா நாத்தம் இது? பெருமாள் இருக்கற கிரஹத்துல!" மூட்டை தெருவுக்குப் போயிற்று, நான் கிணற்றடிக்குப் போனேன். தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே ஐஸைத் திட்டினேன், இறாலைத் திட்டினேன், உதவி செய்த பாவத்துக்கு அந்தச் சிநேகிதரையும் திட்டினேன். மறு சுருள் வாங்க நேரமில்லை. மாமா பழைய ஸ்டூடியோ படத்தோடு டில்லிக்குப் போனார்.

ஆடி மாதம் கடிதம் வந்தது. ஜாதகம் சரியாக அமையவில்லை என்று நாசூக்காக எழுதியிருந்தார்கள். அப்பா படித்து மடித்து வைத்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினார். அக்கா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு ஆறவில்லை.

"அந்த நெடி மட்டும் இல்லேன்னா என் படம் போயிருக்கும். அவா சம்மதிச்சிருப்பா" என்றேன்.

"நெடியெல்லாம் பெரிசா இல்லேடா" என்றாள் அவள், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நானாத்தான் தெறந்தேன்."

நான் அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"ஸ்டூடியோ படத்தை வேண்டாம்னு சொன்னா, அந்தப் படத்தைத்தான் சொன்னான்னு இருந்துடலாம். நீ எடுத்தது நான். அப்படியே இருக்கேன்னு நீதானே கத்தினே? அதைப் பாத்துட்டும் வேண்டாம்னு எழுதினா, நான் யார் மேல பழி போடுவேன், சொல்லு?"