சுவரில் நான் வரைந்த ஊர்

அந்த வெள்ளைக்காரன் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் கப்பல் தட்டில் உட்கார்ந்து, பழுப்பு மையைத் தண்ணீரில் கரைத்துத் தூத்துக்குடியை வரைந்தவன். தாளில் பாதிக்கு மேல் மேகம். மேகத்துக்கு அவ்வளவு மை செலவழித்தவனுக்கு ஊருக்கு விரலகல இடம்தான் மிஞ்சியது. மாதா கோவில், நாலைந்து சரக்குக் கிட்டங்கி, ஒரு கொடிமரம். நாங்கள் குடியிருக்கும் வடக்குக் கரை வெறும் மணல்.

இந்தப் படத்தைக் கடற்கரைப் பூங்காச் சுவரில் பெரிதாக வரைந்து தரச் சொல்லி மாநகராட்சி அதிகாரி என்னைக் கூப்பிட்டார். பள்ளிக்கூட ட்ராயிங் டீச்சருக்கு இருபதடிச் சுவர் யார் கொடுப்பார்கள்? பல்லை இளித்துக்கொண்டு போனேன். பூங்காவை எங்கள் கரை வரைக்கும் நீட்டி மீன்பிடி வள்ளங்களை அப்புறப்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே இருந்தது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மணலை மணலாகவே வரைந்து, மூலையில் கையெழுத்தும் போட்டேன்.

வள்ளத்தை நம்பிப் பிழைக்கும் என் அண்ணன் ஒருநாள் வந்து சுவர் முன்னால் நின்றான்.

“ஏளா, கோவில் எவ்வளவு சின்னதா நிக்குன்னு பாரு. ரொம்ப வெளிய நங்கூரம் போட்டு வரைஞ்சிருக்கான். அங்கன இருந்து பாத்தா ஓலையும் மணலும் ஒரே நிறம். எங்க வலைக்கொட்டகையே தெரியாது, தினமும் பாக்கேன். அந்தக் காலத்துல நம்மாளுக எல்லாம் ஓலைக்குடிசைதானே? அவன்கிட்ட இருந்ததும் ஒரே மை.”

ஒரே மையில் எது எதோடு கலந்துபோகும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் என் வாய் அடங்கியதா?

“படத்தப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? போய் வலையப் பாரு” என்றேன்.

பூங்காவை நீட்டுவதற்கு ஆட்சேபம் கேட்கும் கூட்டத்தில் அதிகாரி என் சுவரின் போட்டோவைத் திரையில் போட்டார். “இதுல எங்கய்யா குடியிருப்பு இருக்கு? அப்பவே வெறும் மணல்தான்.”

நான் எழுந்து, அண்ணன் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“மேடம், வரைஞ்சது நீங்க, கையெழுத்தும் உங்களோடது. அப்ப தெரியலையா?” என்று சிரித்தவர் அண்ணன் பக்கம் திரும்பினார். “இவங்க உங்க தங்கச்சிதானே?”

அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எனக்குத் தங்கச்சி கிடையாது சார். வள்ளத்த எங்கன கொண்டு போகணும்னு மட்டும் சொல்லுங்க.”