உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

லிங்கராஜ் எதை வாங்கினாலும் எனக்கு வயிறு எரியும். இதை ஒளிப்பானேன்? ஐந்தாம் வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்சு. அவன் உப்பு அரவை மில்லில் மூட்டை தூக்கப் போனான், நான் மைக்செட் கட்டப் போனேன். இன்றைக்கு அந்த மில் அவனுடையது. என்னிடம் இருப்பது அதே மைக்செட்டும், சுடலைக்கண்ணுக்குப் பாம்புச் செவி என்று ஊர் சொல்லும் பேச்சும்தான்.

இருபத்தாறு வருடமாக அரவை மெஷின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நின்றவன் அவன். முதலாளி ஆன பிறகும் நாற்காலியில் உட்கார மாட்டான். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து வீட்டு ஸ்டீரியோவில் நாதஸ்வரம் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

இரண்டு வருடமாகப் பாட்டு மங்கிவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தான். தூத்துக்குடியில் எந்தச் சாமான் கெட்டாலும் நாங்கள் உப்புக்காற்றைத்தான் திட்டுவோம். பூட்டு, ஃபேன், பைக் சைலன்சர் என்று அது தின்னாதது எதுவும் இல்லை. அவனும் காற்றைத் திட்டிக்கொண்டே வயரை மாற்றினான், பின்களைத் தேய்த்தான், ஸ்பீக்கரையே மாற்றினான். அப்படியும் நாதஸ்வரத்தோடு சேர்ந்து வரும் கைத்தாளச் சத்தம் மட்டும் அவனுக்குக் கேட்கவில்லை. கடைசியில் சென்னையிலிருந்து ஒரு டிஏசி வரவழைத்தான். போனில் எண்களாக இருக்கும் பாட்டை ஸ்டீரியோவுக்கு ஏற்ற ஒலியாக மாற்றித் தரும் பெட்டி அது. பத்து வருடமாக நான் படத்தில் மட்டும் பார்த்து ஏங்கிய பெட்டி.

மறு ஞாயிறு காலையில் என்னைக் கூப்பிட்டான்.

"ஏலே சுடலை, இதை மாட்டியும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. பெட்டி சரியில்லையா, எங்காது சரியில்லையான்னு நீதாம்லே சொல்லணும். இவ திருநவேலி காது டாக்டர்ட்ட நாளைக்குப் பேர் பதிஞ்சி வச்சிருக்கா. ஒனக்கும் வித்தியாசம் தெரியலன்னா நான் போகவே மாட்டேன்."

அவன் மனைவி செண்பகம் ஒரு தடவை பெட்டி வழியாகவும், ஒரு தடவை போனை நேராகச் செருகியும் பாட்டைப் போட்டாள். எது எதென்று தெரியாதபடி நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். ஐந்து முறை மாற்றினாள். ஐந்து முறையும் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. நேராகப் போட்டால் தாளம் தகரத்தைத் தட்டுவதுபோல இருந்தது. பெட்டி வழியாக வந்தால் கைத்தாளத்தின் இரண்டு வட்டும் உரசிப் பிரிவதுவரை கேட்டது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் இல்லை. கேட்கத் தெரியாதவன் வீட்டில் இது எதற்கு என்ற எரிச்சலில்.

"ஒரு வித்தியாசமும் இல்லலே. நல்லா ஏமாந்திருக்க," என்றேன்.

அவன் முகம் வாடும் என்று பார்த்தேன். எழுந்து கையைத் தட்டினான்.

"பாத்தியா செண்பகம், எங்காது நல்லாத்தான் இருக்கு! டாக்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." பெட்டியைக் கழற்றி என் மடியில் வைத்தான். "எனக்கெதுக்குலே இது? ஒன் மைக்செட்டுக்காவது ஆகும். வச்சிக்கோ."

"அப்ப வரலன்னு சொல்லிருதேன்," என்று செண்பகம் போனை எடுத்தாள். அவள் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. பின்னால் நின்று கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அவளுக்குத்தானே தெரியும்.

வாயை மூடிக்கொண்டு எழுந்து போனால் பெட்டி எனக்கு. அதைக் கெட்டியாகப் பிடித்தும்விட்டேன். செண்பகம் நம்பரை அழுத்த ஆரம்பித்தாள்.

"போனை வையி, செண்பகம்," என்றேன். அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னேன்: "தாளம் நல்லாக் கேட்டுதுலே. பொறாமையில பொய் சொல்லிட்டேன்."

அதைக் கேட்டதும் செண்பகம் போனைக் கீழே வைத்தாள். லிங்கராஜ் சிரித்த முகம் மாறாமல் என் பக்கம் குனிந்தான்.

"என்னலே முணுமுணுக்க? சத்தமாச் சொல்லு."