ஊதினால் ஆமை போய்விடும்

நான் உருவாக்கிய விளையாட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிரே இருந்தது. நாள்பட்ட மலச்சிக்கலால் அவதிப்படும் பிள்ளைகளுக்கான மூச்சுப் பயிற்சி அது. வி.ஆர். கண்ணாடியை மாட்டினால் கடலும் ஓர் ஆமையும் தெரியும். மூச்சை நீளமாக ஊதினால் இறுகிய அடிவயிறு தளரும். ஆமையும் நீந்தி நீந்தித் தூரத்திலிருக்கும் தன் வீட்டுக்குப் போய்விடும்.

ஜெலுத்தோங்கிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த ஏழு வயது யாழினி மட்டும் ஊதவே மாட்டேன் என்றாள். மூன்றாவது வாரமும் அதே கதை. பிறை ஊரிலுள்ள ஃபேக்டரியில் லீவு போட்டுவிட்டு அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இன்றும் பலிக்காவிட்டால் எனிமாதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சைக் கேட்டாலே பிள்ளை நடுங்குவாள்.

"மெதுவா ஊதும்மா," என்றேன். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியைச் சரிசெய்தேன், மூச்சை அளக்கும் சென்சாரை மாற்றினேன். எரிச்சல் தலைக்கேறியது.

"ஏன்லா இப்படிப் பண்றே?" குரல் உயர்ந்துவிட்டது.

"ஊதுனா ஆமை போயிருதுக்கா."

அவள் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "உள்ள இருக்கறதும் போகக்கூடாது, ஆமையும் போகக்கூடாது. பின்ன எதுதான் போகும் தங்கச்சி?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாவற்றையும் அடக்கிவைக்கும் பிள்ளைக்கு, அடக்கினால் ஆமை கூடவே இருக்கும் என்றல்லவா மூன்று வாரமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

அன்று எனிமாவிலிருந்து அவள் தப்பவில்லை. கதவுக்கு வெளியே நின்று அந்த அழுகையைக் கேட்டேன்.

விளையாட்டை மாற்றிவிட்டேன்; இப்போது ஊதினால் ஆமை கிட்டே வருகிறது. யாழினியும் ஊதுகிறாள். ஆனாலும் என்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஏன் ஊதவில்லை என்று மூன்று வாரமாகச் சென்சாரைத்தான் சோதித்தேன். அவளைக் கேட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் கோபத்தில்.