நான் வாத்தியாரான வீம்பு

தங்கவயலுக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாத ஒன்று, தினமும் வேலை முடிந்ததும் முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் வாயைத் திறந்து காட்ட வேண்டியிருந்ததுதான். சுரங்கத்திலிருந்து ஏறி வந்தால் காவல்காரர் முடியை உதறச் சொல்வார், காலைத் தூக்கச் சொல்வார், கடைசியில் நாக்குக்கடியில் தங்கம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். இரண்டு சொத்தைப் பல்லும் நிறையப் பொய்யும் தவிர என் வாயில் அவருக்கு இதுவரை வேறொன்றும் அகப்படவில்லை. ஆம்பூர்ப் பக்கத்து நம் கிராமத்தில் என்னை யாரும் வாயைத் திறக்கச் சொன்னதில்லை; மூடச் சொன்னவர்கள்தான் உண்டு. பள்ளிக்கூடம் இருந்த தெருவுக்குள் நம் சனத்துக்கு வழி கிடையாது. உள்ளே பிள்ளைகள் கத்துவது மட்டும் தெருமுனை வரை கேட்கும். காதுக்குத் தடை போட மறந்துவிட்டார்கள்.

அப்படிப்பட்டவன் எப்படி வாத்தியார் ஆனாய் என்று போன முறை ஊருக்கு வந்தபோது கேட்டீர்கள். அறிவால் ஆகவில்லை.

சுரங்கத்தில் இறங்கும்போது ஆளுக்கொரு பித்தளை வில்லை கொடுப்பார்கள், எண் போட்டு. மேலே வந்ததும் அதைப் பலகையில் அதே எண்ணுள்ள ஆணியில் மாட்ட வேண்டும். பலகை நிறைந்துவிட்டால் கீழே ஆள் இல்லை என்று பொருள். பாறைக்கு வெடி வைப்பார்கள். வரிசையில் நிற்க அலுத்து எங்கள் முப்பது பேர் செட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம்: ஆளை ஏற்றி இறக்கும் கூண்டில் முதல் தடவையே ஏறுகிறவன் எல்லார் வில்லையையும் வாங்கி வந்து கொடுத்துவிடுவான், பலகைக் கணக்குப் பார்க்கும் ரைட்டர் மாட்டிவிடுவார். அன்று முதல் கூண்டில் வந்தவன் நான். கூட்டாளி முனுசாமி தன் வில்லையை என்னிடம் கொடுத்துவிட்டு, மறந்துபோன சோற்றுத் தூக்கை எடுக்கத் திரும்ப உள்ளே போனான். எல்லாரும் வந்து சேர்ந்தார்கள், அவன் வரவில்லை. பலகையோ நிறைந்திருந்தது.

"முனுசாமி கீழ கீறான் சாமி. வெடிய நிறுத்துங்க" என்றேன்.

ரைட்டர் சிரித்தார். முந்தின நாள்தான் அவர் தலைப்பாகையில் தேள் இருப்பதாகச் சொல்லி அவரை ஆட வைத்திருந்தேன்.

"இன்னைக்கு இன்னா வேடிக்க? அவன் வில்லை தொங்குது. கீழ இருந்தா நீயே அத எடுத்துடு. ஆணி காலியா இருந்தா நிறுத்தறேன்."

முப்பது ஆணி. எண் படிக்கத் தெரியாத எனக்கு எது அவனுடையது என்று தெரியவில்லை. ஒன்றை எடுத்தேன். "யோவ், அது என்னுது. நான் இங்கதான கீறேன்" என்றது பின்னால் ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொன்றை எடுத்தேன், மேலும் சிரித்தார்கள். அவ்வளவு நல்ல கூட்டம் எனக்கு அதற்கு முன் கூடியதில்லை. இரண்டு கையாலும் முப்பது வில்லையையும் வழித்துத் தரையில் தள்ளினேன். இப்போது பலகைக் கணக்குப்படி மொத்தச் செட்டும் கீழே இருந்தது. ரைட்டர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். முனுசாமி பேருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அப்புறம்தான் கூண்டு இறங்கியது. மெழுகுவத்தி அணைந்து வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தவன், தூக்கோடு ஏறி வந்தான். "கூண்டு வரலன்னப்பவே நெனச்சேன், நீதான் மேல பேசிக்கினு கீறேன்னு" என்றான்.

ஒழுங்கீனத்துக்காகப் பத்து நாள் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மிஷன் உபதேசியாரிடம் போய் எண்ணையும் எழுத்தையும் பிடித்துக்கொண்டேன். முனுசாமிக்குத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மாதத்தில் நாங்கள் குடியிருக்கும் லைன் கொட்டகையில் ஷிப்டு முடிந்து வந்த இருபது பேர் உட்கார்ந்தார்கள்.

சிலேட்டு இல்லை. ஆலையில் கல்லை அரைத்துத் தங்கம் எடுத்தபின் குன்றாகக் கொட்டும் சாம்பல் மணலில் ஒரு கூடை அள்ளி வந்து பரப்பினேன். மறுநாளே காவல்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இந்த மணலிலிருந்து என்ன எடுக்கிறாய் என்று சுரங்கத்துத் துரை கேட்டார். "எழுத்து எடுக்கிறோம் தொரை" என்றேன். அது ஏதோ உலோகம் என்று நினைத்தாரோ என்னவோ, மணலைச் சோதனைக்கு அனுப்பினார். தங்கம் இல்லை என்று தெரிந்தும், இனி ஒரு பிடி வெளியே போகக் கூடாது என்று உத்தரவு வந்தது.

எங்களை வேலை வாங்கும் மேஸ்திரிக்குச் சந்தோஷம். "எல்லாம் படிச்சிட்டா கீழ எவன்டா எறங்குவான்?"

"படிச்சவன்தான் எறங்குவான் மேஸ்திரி. எறங்கினவன் ஏறி வரணும் இல்ல?"

அந்த ஞாயிற்றுக்கிழமை இருபது பேரும் கூடை எடுத்துக்கொண்டு பேத்தமங்கலம் வரை நடந்தோம். ஆற்றங்கரையில் நாங்கள் மணல் அள்ளுவதைப் பார்த்து ஒரு கன்னடத்து விவசாயி ஏதோ கேட்டார். எங்களுக்கு விளங்கவில்லை, தலையை ஆட்டினோம். வீடு கட்டப் போகிறீர்களா என்றுதான் கேட்டார் என்று பிறகு தெரிந்தது. தலையாட்டியதில் தப்பில்லை.

அங்கே ஓடுவது பாலாறு. நம் ஊர்க் கரையைத் தொடுகிற அதே பாலாறு. வெள்ளம் வந்தால் அந்த மணல் உருண்டு உருண்டு உங்களிடம்தான் வந்து சேர வேண்டும். அதில் இருபது கூடையை வழியில் மறித்து இங்கே வைத்துக்கொண்டோம். இப்போது அதில்தான் எழுதுகிறோம். உங்கள் பக்கம் கரையில் மணல் கொஞ்சம் குறைந்திருந்தால் தேட வேண்டாம்.