மணப்பெண்ணுக்கு நூறு வாட்

என் கணவருக்கு வேலை துறைமுகத்தை ஒட்டிய ஒரு கண்டெய்னர் யார்டில். கம்பத்து விளக்குகளுக்குக் கீழே நின்று நின்று, வெளிச்சம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஊறிப்போயிருந்தது. நான் திருவொற்றியூரில் எங்கள் வீட்டு முன்னறையில் பியூட்டி பார்லர் வைத்திருந்தேன். கோயிலில் முகூர்த்தம் என்றால் மணப்பெண்கள் வந்து உட்காருவார்கள். கண்ணாடிக்கு மேலே இருந்த டியூப்லைட் போதவில்லை என்று ஒருநாள் சாப்பாட்டின் நடுவே சொல்லித் தொலைத்தேன்.

எல்.இ.டி. விளக்கு அப்போதுதான் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவரும் அவருடைய தோஸ்தும் எலெக்ட்ரானிக் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு பை நிறையச் சாமான் வாங்கி வந்தார்கள். தோஸ்து ஸ்பீக்கர் செட் ரிப்பேர் செய்பவர். கரண்டில் ஓடுகிற எல்லாமே ஸ்பீக்கருக்குச் சொந்தபந்தம் என்பது அவர் நம்பிக்கை. பையில் இருந்தது வெளிச்சம் தருகிற ஒரு மஞ்சள் சில்லு, அதன் சூட்டை வாங்கிக்கொள்ளக் கனமான அலுமினியத் தகடு, அப்புறம் டிரைவர் என்று ஓர் உலோகப் பெட்டி.

"வூட்டுக் கரண்ட்ட அப்டியே குடுத்தா சில்லு பூடும் அண்ணி. இதுதான் அதுக்கு அளந்து குடுக்கும்" என்றார் தோஸ்து. அவர் சொன்னதில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

பெட்டியின் ஓரத்தில் ஒரு ரப்பர் மூடி. அதைப் பிடுங்கினால் உள்ளே மிளகு அளவுக்கு ஒரு திருகு. எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று அதில்தான் வைக்க வேண்டுமாம்.

"ஃபுல்லா வெச்சுடு மாமு. நூறு வாட்டு வாங்கிட்டு அம்பதுல எரிப்பாங்களா?" என்றார் தோஸ்து. என் கணவர் கடைசி வரைக்கும் திருகினார்.

கண்ணாடிக்கு மேலே மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் கணவர் இடுப்பில் கை வைத்து நின்று, "இன்னாமே, வெளிச்சம் கீதா இல்லியா?" என்று கேட்டார். கண்டெய்னருக்கும் கல்யாணப் பெண்ணுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷர்.

முதலில் அதன் கீழே உட்கார்ந்தவள் காலடிப்பேட்டையிலிருந்து வந்த மணப்பெண். அந்த வெள்ளை வெளிச்சத்தில் நான் எதைப் பூசினாலும் கண்ணாடியில் தெரியவில்லை. போதவில்லை போல என்று மேலே மேலே பூசினேன். மேலிருந்து இறங்கிய சூட்டில் பூசியது கழுத்துக்கு வழிந்தது. வாசலுக்குப் போய் வெயிலில் நின்றதும் அவள் அம்மா சொன்னாள்: "இன்னாம்மா இது, செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சா மாரி கீது." பெண்ணின் முகத்தைக் கழுவி, வாசல் வெளிச்சத்திலேயே முதலிலிருந்து செய்து அனுப்பினேன்.

"கொஞ்சம் கொறச்சுக் குடுங்க" என்றேன் இரண்டு பேரிடமும். திரும்ப அந்தத் திருகைத் தொட்டால் என்ன? தொடமாட்டார்கள். குறைப்பது தோற்பது மாதிரி. பழைய ஃபேன் ரெகுலேட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் மாட்டி, டிரைவருக்குப் போகிற கரண்டை அதன் வழியாக விட்டார்கள். ஃபேன் சுற்றுவது குறைகிறதே, விளக்கும் குறையும்தானே என்பது அவர்கள் படிப்பு.

விளக்கு குறையவில்லை. துடித்தது. அடுத்து வந்த பெண்ணுக்கு மை இழுக்கும்போது, "அக்கா, கண்ணு கூசுது, தல வலிக்குது" என்று அவள் தலையை ஆட்ட, மை காதுவரை போனது.

தோஸ்து வந்து பார்த்தார். "வோல்டேஜ் சரியில்ல அண்ணி. எண்ணூர் பவர் ஹவுஸ் பொகை மட்டும் நமக்கு, கரண்டு எவனுக்கோ" என்றார். என் கணவர் அதை ஆமோதித்து, ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வந்து வைத்தார். விளக்கு இப்போது ஸ்டெபிலைசரோடு துடித்தது.

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு மெயினை அணைத்துவிட்டு ரெகுலேட்டரைக் கழற்றினேன். ஸ்டெபிலைசரையும் எடுத்து, வயரை முன்போல் நேராக டிரைவருக்கே கொடுத்தேன். ரப்பர் மூடியை நீக்கித் திருகை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பினேன். கூட்டத் தெரிந்த திருகுக்குக் குறைக்கத் தெரியாதா? போட்டுப் பார்ப்பேன், அணைப்பேன், இன்னும் கொஞ்சம் திருப்புவேன். என் முழங்கையின் நிறம் வாசல் வெளிச்சத்திலும் கண்ணாடியிலும் ஒன்றாகத் தெரிகிறவரைக்கும் செய்தேன். துடிப்பு இல்லை. தகட்டைத் தொட முடிந்தது.

சாயங்காலம் அவர் வந்து அண்ணாந்து பார்த்தார். "பாத்தியா, ஸ்டெபிலைசர் போட்டதும் நின்னுகிச்சு."

"அது மேசைக்கடியில கெடக்குது. பிளக்குல இல்ல" என்றேன்.

குனிந்து பார்த்தார். "அப்போ இன்னிக்கு லைன்ல கரண்டு நல்லா வருது" என்றார்.

"நான்தான் திருகைக் குறைச்சேன்."

"கொறச்சா எப்டிமே நல்லாருக்கும்?" என்று சிரித்துக்கொண்டே கை கழுவப் போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு பெண் வந்தாள். வாசலில் நின்ற அவளை அவள் அம்மா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஆட்டோவில் ஏற்றினாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

தோஸ்து எங்கள் பார்லரைக் காட்டியே ஒரு மீன் கடைக்காரரிடம் விளக்குக் கட்டித் தருகிற வேலையைப் பிடித்தார். திருகை ஃபுல்லாகத்தான் வைத்தாராம், விளக்குச் சூட்டில் மீன் மேல் ஐஸ் நிற்கவில்லையாம். யார் வீட்டுக்கு வந்தாலும் என் கணவர் முன்னறைக்கு அழைத்துப் போய், "நானே கட்டினது, நூறு வாட்" என்பார். பாதியில் எரிந்துகொண்டிருந்த விளக்கை அவர்களும் மரியாதையாக அண்ணாந்து பார்ப்பார்கள்.