அமரவிளை வீட்டில் எரித்தவை

மஸ்கட்டில் ஏசி குழாய்களைச் சுத்தம் செய்துவிட்டு ஊர் திரும்பியபோது, எனக்குத் தெரிந்திருந்த ஒரே தொழில் பூஞ்சையை அழிப்பதுதான். நெய்யாற்றின்கரையில் ஒரு கம்பெனி அந்த வேலைக்கு ஆள் எடுத்தது. வளைகுடாக்காரர்கள் கட்டிப் பூட்டிவிட்டுப் போன வீடுகளுக்குள் முகமூடி மாட்டிக்கொண்டு நுழைவோம். கறுத்த சுவரைச் சுரண்டி, மருந்தடித்து, உலர்த்துவோம். ஊரில் பூஞ்சைக்குப் பூப்பல் என்று பேர்; எங்களைப் பூப்பல்காரர் என்பார்கள்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் அமரவிளையில் ஆற்றோரத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மகன் துபாயில். தாய் மட்டும் தனியாக, அந்தப் பூஞ்சைக் காற்றில் ஓயாத இருமலோடு இருந்தாள். வாசலில் பார்த்தவுடனே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

பல வருஷங்களுக்கு முன்பு, குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்த இடம் சொந்தமாகும் என்று சட்டம் வந்த நேரம். அவளுடைய தென்னந்தோப்பில்தான் எங்கள் குடிசை. அம்மா மனு கொடுக்கும் முன்பே அவள் ஆட்களோடு வந்து நின்றாள். பாயும் பானையும் அம்மாவின் துணிகளும் மழைச் சேற்றில் விழுந்தன.

"கொச்சம்மா, மழை விட்டதும் போயிருதோம்" என்று அம்மா அந்த முதலாளியம்மாவைக் கும்பிட்டாள்.

"ஒண்ணும் மிச்சம் வைக்காதீங்கலே" என்றாள் அவள், ஆட்களைப் பார்த்து.

நான் அப்போது சின்னப் பையன். அந்தக் குரலை மறக்கவில்லை.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. பஞ்சிலும் துணியிலும் காகிதத்திலும் பூஞ்சை ஆழமாக இறங்கிவிட்டால் எரித்துவிட வேண்டும். அன்றைக்கு அந்த விதியைப் போல எனக்குப் பிடித்தது வேறொன்றும் இல்லை. மெத்தைகள், பட்டுகள், அவள் மாமனாரின் பெரிய படம் எல்லாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டுவரச் செய்தேன். கடைசியாக ஒரு மரப்பெட்டி. மணல்தாள் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்திருந்தால் தப்பியிருக்கும். அது எனக்குத் தெரியும்.

"மக்கா, அது எனக்க கல்யாணப் பெட்டியாக்கும். அத மட்டும் விட்டுரு."

"ஒண்ணும் மிச்சம் வைக்கப்பிடாது" என்றேன்.

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முகமூடியைக் கழற்றினேன். "உங்க தோப்புல குடில் கட்டிக் கெடந்தவளுக்க மவன் நான். மழையில எறக்கிவிட்டியளே."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "எந்தக் குடிலு? அங்க எத்தனையோ பேரு கெடந்தாங்க" என்று சொல்லி இருமினாள்.

பெட்டியை நானே தூக்கித் தீயில் போட்டேன். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெட்டி முழுக்க எரிந்து தீரும்வரை நான் நகரவில்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"கரஞ்சாளா?" அழுதாளா என்றுதான் கேட்டாள்.

"கரஞ்சா."

"நல்லா கரஞ்சாளா?"

மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். அதற்குப் பிறகும் பலமுறை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் பெட்டியில் தீப்பிடிக்கும் இடத்தில் அவள் முகம் தெளியும்.

அடுத்த ஓணத்துக்கு முன்பு துபாயிலிருந்து மகன் கம்பெனிக்குப் போன் செய்தான். தாயின் இருமல் அடியோடு நின்றுவிட்டதாம், இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாளாம், வந்த பணிக்காரனுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். முதலாளி எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டினார்.

இந்தச் செய்தியை மட்டும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை.